வில்லும் தடமும்: தென்புல ஆப்பிரிக்காவின் சமவெளி வேட்டை

மே மாதம் பிறந்து மழை முற்றும் ஓய்ந்ததும், லிம்போபோ நதியின் இருமருங்கிலும், மேற்கே நமீபியாவின் கலஹாரி விளிம்பு வரையிலும் பரந்து கிடக்கும் முட்புதர்க் காடுகளில் புல் வெளுத்துவிடுகிறது. மொபானி மரங்கள் செம்பழுப்பேறி இலை உதிர்க்கின்றன. மழைக்காலத்துக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிப்போக, அங்கே வாழும் விலங்குகளின் அன்றாட நடமாட்டம் எஞ்சியிருக்கும் சில நீர்த்துறைகளைச் சுற்றிச் சுருங்கிவிடுகிறது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ அடுத்த மழை வரும் வரையில் நீடிக்கும் இந்த வறட்சிக் காலமே அப்பிரதேசத்தின் வேட்டைப் பருவமுமாகும். துப்பாக்கியை விடுத்து வில்லும் அம்பும் ஏந்தி, பெரும்பொருள் செலவிட்டு, அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இப்பருவத்தில் பலர் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடி வருவது யானை, சிங்கம், சிறுத்தை, எருமை, காண்டாமிருகம் என்னும் அபாயகரமான ஐந்தை அன்று. கூடூ, இம்பாலா, கெம்ஸ்பாக், வில்டபீஸ்ட், ஈலாண்டு, வரிக்குதிரை, வார்தாக் பன்றி முதலியவற்றையே. வேட்டைத் தொழிலில் இவற்றுக்குச் 'சமவெளி விலங்குகள்' என்று பொதுப்பெயர் வழங்குகிறது.

இந்த வேட்டையைப் பற்றி எழுதப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி வில்லைப் பற்றியும் வில்லாளியைப் பற்றியுமே பேசுகிறது. என் கருத்து வேறு. அம்பு விடுபடும் க்ஷணம் வரை நடப்பதில் பாதி நிலத்தின் காரியம். அதற்குப் பின் நடப்பதில் பெரும்பங்கு தடம் பார்ப்பவரின் காரியம். இவ்விரண்டுக்கும் உரிய மதிப்பைக் கொடாத வேட்டை, சட்டத்துக்கு உட்பட்டதாயினும், நியாயத்துக்கு உட்பட்டதாகாது என்பதையே இங்கு நிறுவ முற்படுகிறேன்.

வில்லுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு என்பதிலிருந்தே மற்றவை யாவும் பிறக்கின்றன. துப்பாக்கியேந்தியவன் இருநூறு மீட்டர் தொலைவில் நின்று செய்துவிடும் காரியத்தை வில்லேந்தியவன் இருபது மீட்டரில் செய்தாக வேண்டும். அவ்வளவு அண்மையில், திறந்த வெளியில், பகற்பொழுதில் ஒரு மானை நடந்து சென்று அடைவது பழகிய காலுக்கும் அரிது. காய்ந்த மொபானி இலை ஒன்று மிதிபட்டால் போதும், முயற்சி முடிந்தது. ஆகையால் பெரும்பாலும் நீர்த்துறையருகே பதுங்கறை அமைத்து அதில் காத்திருக்கிறார்கள். மார்பளவுப் பள்ளம் தோண்டி, மேலே கம்பும் புல்லும் வேய்ந்து, நீரை நோக்கிய பக்கத்தில் ஒடுங்கிய புழை ஒன்றை மட்டும் விட்டு, உட்சுவரைக் கறுப்பாக்கி, உள்ளே இருப்போரும் கறுப்பு உடையே தரித்திருக்கும்படி செய்வது வழக்கம். அறை தரைக்குள் தாழ்ந்திருப்பதால் அம்பு ஏறக்குறையக் கிடைமட்டமாகச் சென்று மார்புக் கூட்டினுள் புகும். தொட்டியின் விளிம்பில் கல்லையோ மரக்கட்டையையோ போட்டு, விலங்கு பக்கவாட்டாக நின்றே நீர் அருந்தும்படி ஏற்பாடு செய்துவைக்கும் பண்ணையாளர்களும் உண்டு. காற்று வழக்கமாக எத்திசையிலிருந்து வீசும் என்பதை அறிந்து அறைக்கு இடம் குறிப்பதும், அது திசை மாறும் நாளில் அங்கே போய் அமராதிருப்பதும் அவ்வூர்ப் பணியாளர்களின் அறிவு. வெளியூரிலிருந்து வந்தவர் அதை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்.

அந்த அறைக்குள் ஒரு பகல் எப்படிக் கழிகிறது என்பதைச் சிறிது விரித்துச் சொல்வது தகும். விடியலில் கைவிரல் விறைக்கும் குளிர். முதலில் புறாக்களும் கௌதாரிகளும் வருகின்றன. பிறகு கினிக்கோழிகள் கூட்டமாக ஓடிவந்து மண்ணைக் கிளறுகின்றன. வெயில் ஏறியபின் வார்தாக் பன்றிகள், வாலைக் கம்பிபோல் நிமிர்த்திக்கொண்டு, அச்சம் அதிகமின்றி வந்து சேற்றில் புரளுகின்றன. இம்பாலாக்கள் மந்தையாக வருகின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று எப்பொழுதும் தலைநிமிர்ந்தே நிற்கும். கூடூவின் வருகைதான் காத்திருப்பவரின் பொறுமையைச் சோதிப்பது. முதலில் கொம்பில்லாத பெண் மான்கள் மர வரிசையின் ஓரத்தில் வந்து நின்று, அகன்ற காதுகளைத் தனித்தனியே திருப்பித் திருப்பிக் கேட்கின்றன. அவை நீரருகே வந்து குடிக்கத் தொடங்கிய பின்பும், ஆண் மான் புதரின் நிழலைவிட்டு வெளிவராமல் அரைமணி நேரம் நிற்கக்கூடும். சாம்பல் நிற உடலின் பக்கங்களில் இறங்கும் மெல்லிய வெண்கோடுகள் கிளைகளின் நிழலோடு கலந்துவிடுவதால், நான்கடிக்குக் குறையாத முறுக்குக் கொம்பும் இருநூறு கிலோவைத் தாண்டிய சரீரமும் படைத்த பிராணி கண்ணெதிரே நின்றும் தெரியாமல் இருக்கிறது. இதற்கிடையில் ஒரு சாம்பல் நிற லூரிப் பறவை மர உச்சியில் அமர்ந்து தன் கரகரத்த குரலில் கூவிவிட்டால், எல்லா மான்களும் ஒருங்கே தலைதூக்கும். பல சமயங்களில் அன்றைய காத்திருப்பு அத்துடன் வீணாகும். அப்படி வீணாகும் நாட்களே இவ்வேட்டையில் அதிகம் என்பதை நான் அதன் குறையாக அன்றி அதன் சிறப்பாகவே கருதுகிறேன்.

இனி அம்பு விடும் தருணத்துக்கு வருவோம். நமீபிய நாட்டுச் சட்டம் கூடூ, கெம்ஸ்பாக் போன்ற பெரிய விலங்குகளுக்கு வில்லாளி பயன்படுத்தும் அம்பு 450 கிரெயின் எடைக்கும், அது ஏந்திச் செல்லும் இயக்க ஆற்றல் 65 அடி-பவுண்டுக்கும் குறையலாகாது என்று விதித்திருக்கிறது. இவ்வெல்லையில் உள்ள அம்பின் வேகத்தைக் கணக்கிட்டால் விநாடிக்குச் சுமார் 78 மீட்டர் வருகிறது. இருபது மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ கால் விநாடி பிடிக்கும்; நாணின் ஓசையோ விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் பறந்து, 0.06 விநாடியில் விலங்கின் காதை எட்டிவிடும். ஆக, அம்புக்கு முன்னதாகவே ஓசை சென்று சேர்ந்து, 0.2 விநாடி அவகாசத்தை விலங்குக்கு அளிக்கிறது. இம்பாலா போன்ற மான்கள் திடுக்கிட்டால் உடனே தாவுவதில்லை. தாவுவதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகின்றன. தடையின்றி விழும் ஒரு பொருள் 0.2 விநாடியில் 20 சென்டிமீட்டர் இறங்கும். நரம்புகள் செயற்படுவதற்கே அதில் ஒரு பகுதி கழிந்துவிடும் ஆதலால் இருபது மீட்டரில் தவறு சிறிதாகவே நிற்கிறது. தூரத்தை நாற்பது மீட்டராக்கிப் பாருங்கள்: அவகாசம் 0.4 விநாடியாகிறது, அதற்குள் விழும் பொருள் 80 சென்டிமீட்டர் இறங்கிவிடும். குறி பார்த்தவனின் கை எவ்வளவு உறுதியானதாயினும், குறி இருந்த இடத்தில் இப்பொழுது முதுகோ கழுத்தோ வெறும் காற்றோ இருக்கலாம். நாற்பது, ஐம்பது மீட்டரில் பயிற்சிப் பலகையில் ஆறு அம்புகளையும் கையகலத்துக்குள் தைக்கும் வல்லமை பெற்றவர்கள் அந்த நம்பிக்கையோடு காட்டிலும் தொலைவிலிருந்து எய்வது இக்காரணத்தாலேயே கண்டிக்கத் தக்கது. பலகைக்குக் காது கிடையாது.

அம்பு கொல்லும் முறையும் தோட்டா கொல்லும் முறையினின்று வேறானது. சாதாரண மான்வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா 2,500 அடி-பவுண்டுக்கு மேற்பட்ட ஆற்றலைச் சுமந்து செல்கிறது. அம்பினிடம் இருப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு. தாக்கும் அதிர்ச்சியால் அம்பு எதையும் வீழ்த்துவதில்லை, அது அறுக்கிறது. முனையிலுள்ள அலகு சவரக்கத்தியின் கூர்மையோடு இரு சுவாசகோசங்களையும் ஊடுருவி மறுபுறம் வெளிவருமாயின், விலங்கு சில விநாடிகள் ஓடி, நூறு மீட்டருக்குள் இரத்தமிழந்து விழுந்துவிடுகிறது. அலகு மழுங்கியிருந்தாலோ, தோள் எலும்பில் தடைப்பட்டாலோ, நிலைமை முற்றிலும் மாறிப்போகிறது. 1980-களில் எட் ஆஷ்பி என்பவர் நேட்டால் பூங்கா வாரியத்தின் இசைவோடு ம்குஸி காப்பகத்தில் பலவகை அம்புகளை எய்து, கிடைத்த உடல்களை அறுத்து ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள் இவ்விஷயத்தில் குறிப்பிடத்தக்கவை. பல அலகுகள் கொண்ட முனையைவிட ஒரே தகட்டின் இரு விளிம்புகளும் தீட்டப்பட்ட குறுகிய முனையே ஆழமாகச் செல்கிறது என்பதும், கனத்த எலும்பைப் பிளந்து மேற்செல்வதற்கு 650 கிரெயின் அளவில் எடையுள்ள அம்பு வேண்டும் என்பதும் அவருடைய முடிவுகள். வேகத்தையே விளம்பரப்படுத்தி இலேசான அம்புகளை விற்கும் வியாபாரத்துக்கு இம்முடிவுகள் உவப்பானவை அல்ல; ஆயினும் ஆப்பிரிக்க அநுபவமுள்ளவர்கள் கனமான அம்பையே நாடுவதற்கு அவை வலுவான ஆதாரமாக நிற்கின்றன.

உடற்கூறு பற்றி ஒரு வார்த்தை. வட அமெரிக்காவின் வெள்வால் மானை எய்து பழகியவர்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வைப்பதைப் பழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்க மான்களிலோ இருதயமும் சுவாசகோசமும் மார்பில் தாழ்ந்தும் முன்தள்ளியும் அமைந்திருக்கின்றன. முன்னங்காலின் நேர்க்கோட்டிலேயே மார்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் இருதயம் கிடக்கிறது. பழைய பழக்கப்படி எய்யும் அம்பு ஈரலிலோ இரைப்பையிலோ தைத்துவிடுகிறது. கால்நடை மருத்துவரான கெவின் ராபர்ட்சன் 'பெர்ஃபெக்ட் ஷாட்' என்னும் நூலில் ஒவ்வொரு விலங்கின் உள்ளுறுப்புக்களையும் படமாக வரைந்து காட்டியிருப்பதன் நோக்கம் இத்தவற்றைத் தவிர்ப்பதே. அருகிலுள்ள முன்னங்கால் முன்னோக்கி வைக்கப்படும் வரையில் பொறுத்திருத்தல், நேர்முகமாக நிற்கும் விலங்கின் மீது எய்யாதிருத்தல், மந்தையில் ஒன்றின் பின்னே மற்றொன்று நிற்கையில் நாணைத் தளர்த்திவிடுதல் ஆகிய இவையெல்லாம் கட்டுப்பாட்டின் கூறுகள். நாண் இழுத்த நிலையில் வில்லாளியால் அதிக நேரம் தாங்க முடியாது என்பதால் பழைய மரவில்லில் இவை மிகக் கடினமாக இருந்தன.

அக்கடினத்தைக் குறைத்தது மிஸ்ஸூரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலனின் கண்டுபிடிப்பு. 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் அவர் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில்லில், இரு நுனிகளிலும் உள்ள நடுப்பிசகிய கப்பிகள் சுழன்று, நாணை முற்றும் இழுத்த நிலையில் கையின் மீதுள்ள பாரத்தைப் பெரிதும் தணித்துவிடுகின்றன. இன்றைய வில்களில் எழுபது பவுண்டு விசையுள்ளதை இழுத்து நிறுத்துவதற்கு இருபது பவுண்டுக்கும் குறைவான பிடியே போதும். இன்றைய வில்வேட்டையின் முன்னோடிகள் வேறு வகையினர். கலிபோர்னியாவில் 1911-இல் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தின் இஷி என்பவரிடம் வில்வித்தையைக் கற்ற சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை வைத்தியர், ஆர்தர் யங், ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட் ஆகியோருடன் 1925-இல் தாங்கனிகா சென்று மரவில்லால் சிங்க வேட்டை ஆடினார். துப்பாக்கி காவலாக உடனிருந்தது. 1952-இல் ஹவர்ட் ஹில்லின் 'டெம்போ' என்னும் திரைப்படம் யானையையும் வில்லால் வீழ்த்தலாம் என்று காட்டிப் பலரை அத்திசையில் தூண்டிவிட்டது. வில்லின் எல்லையை உணர்ந்து அதற்குள் நிற்பதைவிட அதை மீறிக் காட்டுவதையே வீரமாக எண்ணும் மனப்பான்மைக்கு இப்படம் உரமிட்டது என்பது என் துணிபு. நமீபியா பின்னாளில் யானை, சிங்கம், சிறுத்தை, எருமை, காண்டாமிருகம் ஆகியவற்றை வில்லால் வேட்டையாடலாகாது என்று தடுத்தது விவேகமான காரியம்.

இவையெல்லாம் நேற்றைய கதை. அந்நிலத்தில் வில்லின் வயது வேறு. குவாசுலு-நேட்டாலில் உள்ள சிபுடு குகையில் 60,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்ணடுக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்பு முனையும் சிறு கற்றுண்டுகளும் அம்பின் உறுப்புக்களாக இருந்திருக்க வேண்டும் என்று லின் வாட்லி, மார்லீஸ் லொம்பார்டு முதலிய ஆராய்ச்சியாளர் வாதிக்கின்றனர். அதே பகுதியின் பார்டர் குகையில் கிடைத்த, 24,000 ஆண்டுப் பழமையுள்ள ஒரு மரக்குச்சியில் நஞ்சின் எச்சம் படிந்திருப்பதாக 2012-இல் அறிவிக்கப்பட்டது. நஞ்சு ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு இன்றளவும் கலஹாரியின் சான் மக்கள் ஏந்தும் வில்லே விடை கூறுகிறது.

அது மிக இலேசான வில். கூடூவின் முதுகுத் தசைநாரை முறுக்கி நாணாகக் கட்டியிருப்பார்கள். அம்புக்கு இறகு கிடையாது. நாணற் காம்பின் முனையில் எலும்பாலான ஓர் இணைப்பும், அதன் மேல் குறுகிய ஒரு முன்தண்டும், அதன் நுனியில் வேலிக் கம்பியைத் தட்டி வடித்த சிறு இரும்பலகும் தனித்தனி உறுப்புக்களாகச் செருகப்பட்டிருக்கும். விலங்கு புதரில் உராய்ந்து ஓடும்போது காம்பு கழன்று விழுந்துவிட, நஞ்சு தோய்ந்த முன்பகுதி மட்டும் உடலில் தங்கிவிடும். நஞ்சு, நம் ஊர்க் கிளுவையின் இனத்தைச் சேர்ந்த கொம்மிஃபோரா புதரின் வேரடியில், சில இடங்களில் ஆளின் இடுப்பாழத்துக்குத் தோண்டி எடுக்கப்படும் டயம்ஃபிடியா என்னும் வண்டின் புழுவிலிருந்து கிடைப்பது. மண்கூட்டை உடைத்துப் புழுவை எடுத்து, விரல்களிடையே மெல்ல உருட்டி உள்ளிருப்பதை இளக்கி, தலைப்பக்கம் கிள்ளி, துளித்துளியாக அம்பின் மீது பிழிகிறார்கள். அதை அலகின் நுனியிலோ விளிம்பிலோ பூசமாட்டார்கள். அலகுக்குப் பின்னாலுள்ள தண்டின் மீதே பூசி, நெருப்பருகே காட்டி உலர்த்துவார்கள். கூட இருப்பவர் கையிலோ விளையாடும் குழந்தையின் காலிலோ நுனி தவறிக் கீறினால் உயிருக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்னும் கவனம் அந்தக் கருவியின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது.

இந்நஞ்சு இரத்த அணுக்களை மெல்லச் சிதைப்பது. சிறிய மான் சில மணி நேரத்திலும், பெரிய விலங்கு ஒன்றிரண்டு நாளிலும் அல்லது அதற்கும் மேற்பட்டும் வீழ்கிறது. ஒட்டகச்சிவிங்கி ஒன்றைப் பல நாட்கள் தொடர்ந்து சென்ற வேட்டையை ஜான் மார்ஷல் 1957-இல் வெளிவந்த தம் 'ஹண்டர்ஸ்' என்னும் படத்தில் சித்திரித்துள்ளார். ஆகவே சான் வேட்டையில் எய்வது தொடக்கம் மாத்திரமே; எய்தவுடன் விலங்கை விரட்டாமல் அதன் குளம்படியை நன்கு நோக்கி மனத்தில் பதித்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் பல தடங்களிடையே அந்த ஒரு தடத்தைப் பிரித்தறிந்து தொடர்வதே வேட்டை. இதனோடு பிணைந்த ஒரு வழக்கத்தை மானிடவியலாளர் லொர்னா மார்ஷல் பதிவு செய்திருக்கிறார். விழுந்த விலங்கின் இறைச்சியைப் பகிரும் உரிமை எய்தவனுக்கு உரியதன்று. முதலில் தைத்த அம்பு யாருடையதோ அவருக்கே உரியது. அம்புகள் பரிசாகவும் கைமாற்றாகவும் ஓயாமல் கைமாறுவதால், வேட்டைக்குச் செல்லாத முதியவரும் பெண்டிரும்கூட அவ்வுரிமையைப் பெறுகிறார்கள். ஒருவனது கைத்திறன் அவனை மற்றவர்க்கு மேலாக உயர்த்திவிடாதபடி தடுக்கும் இவ்வேற்பாட்டைப்போல் நுட்பமான ஒன்றை வேட்டை பற்றிய வேறு எச்சட்டத்திலும் நான் கண்டதில்லை.

இப்பொழுது, காம்பவுண்டு வில்லேந்திய வெளிநாட்டாரின் அம்பு சற்றே பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முன்வருபவர் தடம் பார்ப்பவர். அம்பு தைத்த இடத்துக்குச் சென்று, குனிந்து, முதலில் அவர் நோக்குவது இரத்தத்தின் நிறத்தை: இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் சுவாசகோசம், கருஞ்சிவப்பானால் ஈரல், பசுமை கலந்து செரியாத புல் ஒட்டியிருந்தால் இரைப்பை. முதல் வகையில் சிறிது நேரத்தில் தொடரலாம். மற்றவற்றில் மணிக்கணக்காகக் காத்திருந்தே தொடர வேண்டும், ஏனெனில் படுத்துக் கிடக்கும் காயம்பட்ட விலங்கைக் கிளப்பிவிட்டால் அது மீண்டும் எங்கே படுக்கும் என்பது தெரியாது. புல்லில் இரத்தம் எவ்வளவு உயரத்தில் தீற்றியிருக்கிறது, இருபுறமும் இருக்கிறதா ஒருபுறம் மட்டுமா, குளம்புகள் அகன்று பதிந்திருக்கின்றனவா ஒடுங்கியா, எந்தக் கால் இழுபடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து, கடைசித் துளி கண்ட இடத்தில் ஓர் இலையையோ கிளையையோ அடையாளமாக இட்டு, இரத்தம் நின்றுபோன பின்பும் ஒரு புரண்ட கூழாங்கல்லையும் ஒரு மடங்கிய புல்லையும் பற்றிக்கொண்டு அவர் நடக்கிறார். எய்தவரால் இந்நிலையில் ஆகக்கூடிய உதவி, தடத்தை மிதிக்காமல் பின்னால் வருவதுதான்.

இப்பிசகு அரிதானதன்று. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை, தேர்வு வைத்துத் தகுதி கண்ட வில்லாளிகளே வேட்டையாடிய இடத்தில், எய்யப்பட்ட வெள்வால் மான்களில் நூற்றுக்குப் பதினெட்டு கைக்குக் கிடைக்காமல் போயின என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நல்ல கருவியும் தேர்ந்த கையும் கூடிய நிலையில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இழப்பு நேரும் என்றால், அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனும் ஜெர்மனியும் வில்வேட்டையைத் தடை செய்திருப்பதற்கு இவ்வகைக் கவலையே காரணம். தென்புல ஆப்பிரிக்காவில் பொதுவாக வழங்கும் விதியோ வேறு: ஒரு துளி இரத்தம் சிந்தினாலும் அவ்விலங்குக்குரிய கட்டணம் முழுவதையும் வேட்டையாடியவர் செலுத்திவிட வேண்டும். இவ்விதி தொலைவிலிருந்து எய்யத் துணியும் கையைத் தயங்கவைக்கிறது என்பது உண்மை. ஆனால் விலங்கின் வேதனை கட்டணத்தோடு தீர்ந்துபோவதில்லை. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவின் எல்லைக்கப்பால், ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்துவந்த சிசில் என்னும் சிங்கம் இரவில் அம்பு பட்டு மறுநாள் காலையில்தான் கொல்லப்பட்டபோது, உலகெங்கும் எழுந்த கொதிப்புக்கு அந்த இடைப்பட்ட மணி நேரங்களும் ஒரு காரணமாயின. அக்கொதிப்பு நியாயமானதே.

நிலத்தின் கதையும் சொல்லப்பட வேண்டும். தென்னாப்பிரிக்கச் சமவெளிகளில் ஐரோப்பியர் குடியேறிய பின் துப்பாக்கி செய்த அழிவு கொஞ்சமன்று. நீலமான் 1800-ஐ ஒட்டி மறைந்தது. குவாகா என்னும் வரிக்குதிரையினத்தின் கடைசி உயிர் 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் முடிந்தது. போன்டிபாக் மான்களுக்கென 1931-இல் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டபோது அங்கே எஞ்சியிருந்தவை பதினேழு. கறுப்பு வில்டபீஸ்ட் இனம் பிழைத்ததே சில பண்ணையாளர்கள் தங்கள் வேலிக்குள் அதை விட்டுவைத்ததனால்தான். காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமன்று என்னும் பழைய சட்டக் கொள்கையின்படி, மாடு மேய்ப்பவனுக்கு மான் வெறும் போட்டியாளனாகவே இருந்தது. நமீபியாவின் தனியார் பண்ணைகளில் 1967-ஆம் ஆண்டுச் சட்டமும், தென்னாப்பிரிக்காவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டமும் தக்க வேலியிட்ட நிலத்தின் உரிமையாளருக்கு அதிலுள்ள விலங்குகளின் மீது உரிமை வழங்கியபின், மாட்டுப் பண்ணைகள் பல மான் பண்ணைகளாக மாறின. வேட்டை விருந்தினரின் கட்டணம், இறைச்சி விற்பனை, உப்பும் காடியும் கொத்தமல்லி விதைப்பொடியும் தடவி உலர்த்தும் பில்டாங் ஆகிய வழிகளில் மான் தன் மேய்ச்சலுக்கான விலையைத் தானே கொடுக்கத் தொடங்கியது.

இம்மாற்றத்தைப் போற்றும்போதே அதன் இழிந்த பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. எட்டடி வேலிக்குள் சில நூறு ஹெக்டேரில், அன்றைக்கு முந்திய வாரம் லாரியில் கொண்டுவந்து இறக்கிய விலங்கை, அது வேறு எங்கும் நீர் காணாதபடி செய்து, ஒரே தொட்டியின் முன்னே காத்திருந்து எய்வது வேட்டை ஆகாது. வேற்று நிறத்துக்காகவே வளர்க்கப்படும் பொன்னிற வில்டபீஸ்டும் கருநிற இம்பாலாவும் விலைப்பட்டியலில் தனி வரிசை பெற்ற காலத்தில், இயற்கையைக் காக்கும் முயற்சி என்று இத்தொழில் தன்னைக் கூறிக்கொண்டதற்கு ஆதாரம் மிகவும் மெலிந்துபோயிற்று. மறுபுறம், வேட்டையை அடியோடு விலக்கினால் விலங்கு பெருகும் என்னும் எளிய முடிவுக்கும் சான்று இல்லை. 1977-இல் வேட்டையைத் தடை செய்த கென்யாவின் புல்வெளிகளில் 2016 வரையில் பெரிய காட்டு விலங்குகளின் தொகை சராசரியாக நூற்றுக்கு அறுபத்தெட்டு வீதம் குறைந்தது என்பதை அந்நாட்டு வான்வழிக் கணக்கெடுப்புகளே காட்டுகின்றன. கால்நடைப் பெருக்கமும் வேலிகளும் வறட்சியும் திருட்டு வேட்டையும் அதற்குக் காரணங்கள். போட்ஸ்வானா 2014-இல் கொணர்ந்த தடையை 2019-இல் நீக்கிக்கொண்டது. இச்சச்சரவில் என் உள்ளம் சாய்வது நமீபியா 1996-இல் செய்த காரியத்தின் பக்கம். தனியார் பண்ணையாளர்க்கு முன்னரே கிடைத்திருந்த உரிமையை அது பொதுநிலத்துக் கிராமச் சமூகங்களுக்கும் விரித்து, அவர்களே காப்பு மன்றங்கள் அமைத்து விலங்குகளைப் பேணி அவற்றின் பயனைத் துய்க்க வழி செய்தது. 1998-இல் முதலில் பதிவான மன்றங்களுள் ஒன்று ஜுஹோவான்சி சான் மக்களின் நியாய் நியாய். வெளிநாட்டு வேட்டையாளருக்கு விற்கும் ஒதுக்கீட்டின் வருமானமும் அவர்கள் வீழ்த்தும் விலங்கின் இறைச்சியும் அங்கே கிராமத்தாருக்குச் சேருகின்றன; கிராமத்தார் தம் சொந்த வில்லும் நஞ்சம்பும் கொண்டு வேட்டையாடும் உரிமையும் அங்கே நிலைத்திருக்கிறது.

பெரும்பாலான தனியார் பண்ணைகளிலோ, தடம் பார்ப்பவர் இன்னும் கூலியாளே. விருந்தினர் போகும்போது கொடுக்கும் இனாம் அவருடைய வருமானத்தில் பெரும்பங்கு. அவர் செய்ததற்குச் சாட்சியாக எந்த ஏட்டிலும் ஒரு வரி ஏறுவதில்லை. இக்குறையை நீக்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் தலையானது லூயி லீபன்பெர்க்குடையது. தடம் பார்த்தல் என்பது கருதுகோள் அமைத்துச் சோதித்துப் பார்க்கும் ஒரு சாஸ்திரம் என்று 1990-இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதித்ததோடு நில்லாமல், 1994 முதல் தடம் பார்ப்பவர்களைக் காட்டிலேயே சோதித்து, தரம் குறித்துச் சான்றிதழ் வழங்கும் முறையையும் ஏற்படுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படங்களைத் தொட்டே தாம் கண்டதைப் பதிவு செய்யத்தக்க 'சைபர்டிராக்கர்' என்னும் கைக்கணினி நிரலும் அவருடைய ஏற்பாடே. கரூ தேசியப் பூங்காவில் கரெல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே என்னும் இரு தடம் பார்ப்போர் அதை ஏந்திக் கறுப்புக் காண்டாமிருகத்தின் மேய்ச்சல் முறையைப் பதிவு செய்தனர். 1999-இல் அது 'பாக்கிடெர்ம்' இதழில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தபோது, எழுத்தறியாத அவ்விருவர் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் அச்சாயின. வில்வேட்டைக்கு ஆள் பிடிக்கும் பண்ணைகள் தங்கள் விளம்பரத்தில் கொம்பின் நீளத்தையும் பதுங்கறையின் வசதியையும் அச்சிடுகின்றன. தங்களிடம் சான்றிதழ் பெற்ற தடம் பார்ப்பவர் யார், எத்தரத்தினர், அவருக்கு மாதச் சம்பளம் உண்டா என்பதையும் அவை அங்கே அச்சிட வேண்டும். அங்கே செல்ல எண்ணுவோர் முதலில் கேட்க வேண்டியதும் இதையே.